குக்கர் விசிலும் கேட்க வேண்டும்: நான்கு செமி-ஓப்பன் ஹெட்போன்கள்

சித்திரை மாதத்து மத்தியானம். அம்மா மொட்டை மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்தார். நான் கீழே மேசை முன்னால், காதை முழுக்க மூடும் ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சிலிண்டர்காரர் வந்து மணி அடித்திருக்கிறார், கதவைத் தட்டியிருக்கிறார், பக்கத்து வீட்டு மாமியிடம் விசாரித்திருக்கிறார், போய்விட்டார். மறுபடி சிலிண்டர் வர ஐந்து நாள் ஆயிற்று. அந்த ஐந்து நாளும் இண்டக்ஷன் அடுப்போடு மல்லுக்கட்டிய அம்மா, வேளைக்கு ஒரு தடவை என் காதைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தார்.

பதிவு செய்த பேட்டிகளைக் கேட்டு எழுத்தாக்கித் தருவது என் பிழைப்பு. நாளுக்கு ஆறு மணி நேரம் காதில் ஏதாவது மாட்டியிருக்க வேண்டும். சாயங்காலம் அதே காதில் ஒரு கச்சேரி. இதற்கு முன் வைத்திருந்த ஒயரில்லாத குமிழ்கள் இரண்டு வருடத்தில் பேட்டரி ஓய்ந்து, இடது காது ஒரு மணி நேரமும் வலது காது நாற்பது நிமிடமுமாக உழைத்து ஓய்வு பெற்றன. ஆகவே ஒயர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பிறகு பார்த்த பெரிய ஹெட்போன் காதை வேகவைத்தது. சிலிண்டரையும் திருப்பி அனுப்பியது. தேவை இப்படிச் சுருங்கி வந்தது: பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும், காது வேகக் கூடாது, அழைப்பு மணியும் குக்கர் விசிலும் உள்ளே வர வேண்டும், விலை கையைக் கடிக்கக் கூடாது. இதைச் சொன்னதும், எங்கள் திருச்சியில் பாலக்கரைப் பக்கம் சின்ன ஒலிப்பதிவு அறை வைத்திருக்கும் நண்பர் யோசிக்காமல் சொன்னார், "உனக்கு செமி-ஓப்பன்தான்." சொன்னதோடு நிற்காமல் நான்கு ஹெட்போன்களை ஒரு கட்டைப்பையில் போட்டுக் கொடுத்தார். இரண்டு வாரம் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்த கணக்குதான் இது.

அதற்கு முன் அந்தப் பெயரைப் பற்றி. ஹெட்போனுக்குள் இருப்பது ஒரு குட்டி ஸ்பீக்கர்; டிரைவர் என்பார்கள். அதன் சவ்வு அதிரும்போது காதை நோக்கி ஓர் அலை போகிறது, முதுகுப் பக்கமாகவும் ஓர் அலை கிளம்புகிறது. முதுகு அலையை என்ன செய்வது என்பதில்தான் வகை பிரிகிறது. கிண்ணத்தை மூடி அதை உள்ளேயே அடைத்தால் வெளிச்சத்தம் உள்ளே வராது, உள்சத்தம் வெளியே போகாது. ஆனால் அடைபட்ட அலை சுவரில் மோதித் திரும்பி வந்து பாட்டோடு கலக்கும். சரியாகக் கட்டாத மலிவு ஹெட்போன்களில் பாடகர் கிணற்றுக்குள் இருந்து பாடுவதுபோல் இருப்பது இதனால்தான். கிண்ணத்தின் முதுகை வெறும் வலையாக விட்டுவிட்டால் அது ஓப்பன். 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் கொண்டுவந்த எச்டி 414 தான் சந்தைக்கு வந்த முதல் ஓப்பன் ஹெட்போன். மஞ்சள் நுரை மெத்தையோடு இருக்கும் அதன் படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருக்கலாம். ஓப்பனில் பாட்டு காற்றோட்டமாக, தலைக்கு வெளியே விரிந்து கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது செமி-ஓப்பன். முதுகில் துளைகள் இருக்கும். ஆனால் அவற்றின் பின்னால் ஃபெல்ட் துணியோ காகிதமோ வைத்துக் காற்றைக் கொஞ்சம் தடுத்து வெளியே விடுவார்கள். எவ்வளவு தடுத்தால் பாதி, எவ்வளவு விட்டால் முழுசு என்பதற்கு அளவுகோல் கிடையாது. தயாரிப்பாளர் பெட்டியில் என்ன அச்சடிக்கிறாரோ அதுதான். இந்த நான்கில் மூன்றை மாட்டிக்கொண்டு பார்த்தால், மின்விசிறிச் சத்தம் முழு ஓப்பனில் வருகிற அளவுக்குக் கிட்டத்தட்ட அப்படியே வருகிறது. பெயரை நம்பி, பாதிச் சத்தமாவது அடைபடும் என்று வாங்கினால் ஏமாற்றம்தான்.

அதனால் யார் வாங்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் கேட்பவர், அலுவலகத்தில் தோளோடு தோள் உட்கார்ந்து வேலை செய்பவர், ராத்திரி குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு அதே கட்டிலில் படம் பார்ப்பவர், வீட்டு வாசலே பிரதான சாலையாக இருப்பவர்: இவர்களுக்கு இந்த வகை வேண்டவே வேண்டாம். வெளிச்சத்தம் உள்ளே வந்தால் கை தானாக வால்யூமை ஏற்றும். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான கணக்கு. சத்தம் மூன்று டெசிபல் ஏறினால் அந்த நேரம் பாதியாகக் குறையும். ஏர் ஹாரன் அடிக்கும் சாலையில் செமி-ஓப்பனை மாட்டிக்கொண்டு பாட்டை ஹாரனுக்கு மேலே கொண்டுவர முயன்றால், வாரக் கணக்கு ஒரே நாளில் தீர்ந்துவிடும். எங்கள் தெரு முட்டுச்சந்து. வெளியே இருந்து வருவது காய்கறி வண்டிக்காரர் குரலும் அணில் கத்துவதும்தான். அதனால் எனக்கு ஒத்துவந்தது.

கட்டைப்பையில் இருந்தவை: ஏகேஜி கே240 ஸ்டுடியோ, சாம்சன் எஸ்ஆர்850, சூப்பர்லக்ஸ் எச்டி681, அதே சூப்பர்லக்ஸின் எச்டி668பி. விலை வரிசையில் சூப்பர்லக்ஸ் இரண்டும் கீழே, சாம்சன் நடுவில், ஏகேஜி மேலே. ரூபாய்க் கணக்கு தீபாவளித் தள்ளுபடிக்கு ஒன்று, மறுவாரம் ஒன்று என்று ஆடுவதால் இங்கே எழுதவில்லை. இந்த ஏறுவரிசை மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை.

நான்கில் மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே குடும்பச் சாயல் தெரியும். தலைக்கு மேலே இரண்டு வில்கள், அவற்றின் கீழே தலையைத் தொடும் ஒரு பட்டை, இழுத்தால் நீளும் எலாஸ்டிக். அந்தச் சாயலுக்கு மூதாதை ஏகேஜிதான். 1947-இல் வியன்னாவில், சினிமா அரங்குகளுக்கான கருவிகள் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. கே240 என்ற பெயர் எழுபதுகளிலிருந்து வருகிறது. 1975-இல் வந்த வடிவத்தில் டிரைவரைச் சுற்றி ஆறு துணைச் சவ்வுகள் இருந்தன. அதனால் அதை செக்ஸ்டெட் என்று அழைத்தார்கள். அதன் மின்மறுப்பு, அதாவது மின்சாரத்தை எதிர்க்கும் அளவு, 600 ஓம். சின்னக் கருவிகளால் அதைச் சரியாக ஓட்ட முடியாது. இன்று கடையில் கிடைக்கும் கே240 ஸ்டுடியோ 55 ஓம்தான், வீட்டுக்கு ஏற்றபடி அடக்கமானது. ஏகேஜியை 1994-இல் அமெரிக்காவின் ஹார்மன் வாங்கியது. ஹார்மனை 2017-இல் சாம்சங் வாங்கியது. அதே ஆண்டு வியன்னாவில் கடையைக் கட்டினார்கள். பழைய கே240-இல் ஆஸ்திரியா என்று இருக்கும் இடத்தில் இப்போது சீனா என்று இருக்கிறது. சிலருக்கு இது பெரிய துக்கம். எனக்கு இல்லை, என் காதுக்குப் போடுகிற காசில் வியன்னா வாடகைக்கும் பங்கு கேட்டால் எப்படி?

சூப்பர்லக்ஸ் தைவான் நிறுவனம், சாம்சன் அமெரிக்க நிறுவனம். எஸ்ஆர்850-ஐயும் எச்டி681-ஐயும் கையில் எடுத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி என்று தெரிந்துவிடும். இரண்டிலும் 50 மில்லிமீட்டர் டிரைவர், 32 ஓம். கே240-இல் இருப்பது 30 மில்லிமீட்டர் டிரைவர். பெட்டியின் பின்பக்கத்தைப் படித்து முடிவெடுப்பவர் இந்த இடத்தில் ஏகேஜியை ஒதுக்கிவிடுவார். அகலமான டிரைவரில் நல்ல ஒலி வரும் என்பது, பெரிய இட்லித் தட்டில் நல்ல இட்லி வரும் என்பதைப் போன்ற நம்பிக்கை.

எண்களில் உண்மையாகப் பார்க்க வேண்டியது வேறொன்று. ஒரு மில்லிவாட் மின்சாரம் கொடுத்தால் கே240 எழுப்பும் சத்தம் 91 டெசிபல். மற்ற மூன்றும் 98. ஏழு டெசிபல் வித்தியாசம் என்றால், அதே சத்தத்துக்கு ஏகேஜி ஐந்து மடங்கு மின்சாரம் கேட்கிறது என்று பொருள். மின்னழுத்தக் கணக்கில் போட்டால் இடைவெளி இன்னும் கூடும். ஒரு வோல்ட்டுக்கு சாம்சனும் எச்டி681-ம் 113 டெசிபல், எச்டி668பி 110, கே240 104. போனில் வால்யூமைத் தொடாமல் சாம்சனைக் கழற்றி ஏகேஜியை மாட்டினால், பாட்டு பாதியாக இறங்கிவிட்டதுபோல் கேட்கும். முதல் நாள் நானும் அதைக் கேட்டுவிட்டு, இது செத்த ஹெட்போன் என்று முடிவு கட்டினேன். அது தப்பு. இரண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைத்த பிறகுதான் தீர்ப்பு சொல்ல வேண்டும். கொஞ்சம் உரக்கக் கேட்பது எதுவோ அதுவே நல்லதாகத் தோன்றும் என்பது காதின் பழைய பலவீனம். கடையில் மாட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

104 டெசிபல் குறைவு ஒன்றும் இல்லை. வீட்டில் யாரும் அந்த அளவில் கேட்கப் போவதில்லை. ஒரு வோல்ட் தரும் டைப்-சி டாங்கிள் போதும். என் போனில் ஹெட்போன் துளை கிடையாது, ஆகவே டாங்கிள் எப்படியும் வேண்டும். சில மலிவு டாங்கிள்கள் வெறும் ஒயர்தான். உள்ளே ஒலி மாற்றும் சில்லு இருக்காது. போன் அதை ஆதரிக்காவிட்டால் சத்தமே வராது. சில்லு உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும். பழைய வானொலிப் பதிவுகள் தாழ்ந்த சத்தத்தில் பதிந்திருக்கும். அவற்றுக்கு மட்டும் கே240-ஐ மாட்டினால் வால்யூம் கோடு கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் போய் நிற்கிறது. மடிக்கணினியில் அந்தத் தொல்லை இல்லை.

இனி காது சொன்னது.

முதல் சோதனைக்கு மிருதங்கம். வலந்தலையில் விரல் படும் சத்தம் நான்கிலுமே சுத்தமாக இருந்தது. வேறுபாடு தொப்பியில். ரவை பூசிய அந்த இடது பக்கத்தில் கையை அழுத்தி வழித்துக் கும்கி எழுப்பும்போது, ஒலி கீழே இறங்கி வயிற்றில் தட்ட வேண்டும். சாம்சனும் எச்டி681-ம் அதைத் தாராளமாகக் கொடுத்தன. சாம்சன் கொஞ்சம் அதிகமாகவே. தனி ஆவர்த்தனத்துக்கு அமர்க்களம். ஆனால் பாட்டின் நடுவிலும் மிருதங்கம் பாடகருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. கே240 அடியாழத்தில் கை விரித்துவிடுகிறது. ஒலியின் தாழ்வு உயர்வை ஹெர்ட்ஸில் அளப்பார்கள்; 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது மெல்லத் தேய்ந்துவிடும். அதற்கு ஈடாக 100 ஹெர்ட்ஸைச் சுற்றிக் கொஞ்சம் தடிப்பு வைத்திருக்கிறார்கள். தொப்பி கேட்கிறது, தரை அதிரவில்லை. இன்றைய சினிமாப் பாட்டில் கணினியில் செய்த ஆழ்ந்த பேஸ் ஒன்று அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். கே240-இல் அது இருக்கிறது என்று யூகிக்கத்தான் முடியும். எச்டி668பி ஆழத்தில் சிக்கனம். ஆனால் தடிப்பு இல்லாமல் ஒழுங்காக இருக்கிறது.

இரண்டாவது சோதனை 'ஸ'வும் 'ச'வும். இதில்தான் என் பிழைப்பு இருக்கிறது. எச்டி681-இல் 8 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி ஒரு கூர்முனை இருக்கிறது. அந்த இடத்தில் என்ன விழுந்தாலும் ஊசி போல் எழும். "சிவசுப்பிரமணியம்", "இஸ்லாமியப் பள்ளி", "ஆஸ்பத்திரிச் செலவு" என்று யாராவது பேசினால் ஒவ்வொரு சீறலும் காதில் தைத்தது. பஜனைப் பதிவு ஒன்றைப் போட்டேன். ஜால்ரா தட்டிய முதல் தட்டிலேயே கழற்றி வைத்துவிட்டேன். சாம்சனிலும் அதே குணம் உண்டு. பேஸ் அதிகமாக இருப்பதால் சீறல் கொஞ்சம் மறைந்து நிற்கிறது. எச்டி668பியில் பேஸ் என்கிற அந்தப் போர்வையும் இல்லை. நாதஸ்வரம் ஏற்கெனவே திறந்த வெளிக்கென்று பிறந்த வாத்தியம். அதை எச்டி668பியில் கேட்பது, கல்யாண மண்டபத்தில் மேளக்காரருக்கு எதிரிலேயே பந்தி போட்டு உட்கார்ந்தது போல.

இதற்கு மருந்து உண்டு. ஒலியின் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைப்பது ஈக்வலைசர். கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, 8 கிலோஹெர்ட்ஸில் ஐந்தாறு டெசிபலைக் குறுகலாக வெட்டினால் எச்டி681 வேறு ஹெட்போனாக மாறிவிடுகிறது. இது மிகையில்லை. அந்த வெட்டுக்குப் பிறகு, விலைக்கு எது பெறுமானம் என்று கேட்டால் நான்கில் எச்டி681-ஐத்தான் சொல்வேன். ஆழமும் இருக்கிறது, விரிவும் இருக்கிறது, ஊசியும் போய்விட்டது. ஆனால் போனுக்கு மாறும்போது இன்னோர் ஈக்வலைசர், டிவிக்கு மாறும்போது ஒன்றுமே இல்லை. இந்தச் சரிக்கட்டலில் ருசி உள்ளவர்கள் இருக்கிறார்கள்; சாயங்காலம் முழுக்கப் பட்டியைத் தள்ளித் தள்ளியே பாட்டு கேட்காமல் தூங்கப் போவார்கள். என் நண்பர் அந்த ஜாதி. எனக்கு மாட்டியவுடன் ஓட வேண்டும்.

மாட்டியவுடன் ஓடியது கே240. மனிதக் குரல் இருக்கும் இடத்தில் அது நன்றாக இருக்கிறது. பேட்டி கொடுப்பவர் வாயைத் திறக்கும் முன் விடும் மூச்சு, பொய்ப்பல் லேசாக ஆடும் சத்தம், ஒரு சொல்லைத் தொடங்கிவிட்டு வேண்டாம் என்று விழுங்குவது எல்லாம் தெரிகிறது, ஆனால் எதுவும் குத்தவில்லை. ஒரு பதிவில் பெரியவர் ஒருவர் சொன்ன ஊரின் பெயரை மூடிய ஹெட்போனில் மூன்று முறை திருப்பிப் போட்டும் "அரியூர்" என்றுதான் எழுதியிருந்தேன். கே240-இல் அது "அரியலூர்" என்று விழுந்தது. நடுவில் இருந்த அந்த 'ல'வுக்காகவே இதற்குக் காசு கொடுக்கலாம் என்று தோன்றியது. குறையும் உண்டு. 100 ஹெர்ட்ஸ் தடிப்பால், அறையில் ஓடும் மின்விசிறியின் உறுமலோடு பதிந்த பேட்டிகளில் அந்த உறுமலும் தடித்துக் கேட்கிறது. கனத்த ஆண் குரல்கள் மார்பிலிருந்து கொஞ்சம் கூடுதலாகவே வருகின்றன. பழகிவிடும்.

தம்பூராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா நூல் சரியாக உட்கார்ந்த தம்பூராவின் ரீங்காரம், ஒன்றின் மேல் ஒன்றாக எழும் மெல்லிய சுரங்களின் அடுக்கு. மூடிய ஹெட்போனில் அது தலைக்குள் ஓடும் மோட்டார். செமி-ஓப்பன் நான்கிலுமே அது காதுக்கு வெளியே, தோளுக்குப் பின்னால் எங்கோ போய் உட்கார்ந்தது. இந்த வகையைத் தேர்ந்ததற்கு எனக்குக் கிடைத்த இனாம் இது. விரிவில் முதலிடம் எச்டி668பிக்கு. மேடையில் வயலின்காரர் எங்கே, கடம் எங்கே என்று விரல் நீட்டிக் காட்டலாம். கே240 இதில் மூன்றாவதோ நான்காவதோதான். நான் கேட்பதில் பாதி, எல்லாம் ஒரே இடத்திலிருந்து வரும் பழைய மோனோ பதிவுகள் என்பதால் எனக்கு இழப்பு தெரியவில்லை. சினிமா பார்க்கவும் விளையாடவும் வாங்குபவருக்குத் தெரியும்.

காதின் தோலுக்கு வருவோம். திருச்சியில் ஏப்ரலில் இது ஒலியைவிடப் பெரிய விஷயம். கே240 240 கிராம். எலாஸ்டிக் பட்டை தலையில் தானாக உட்கார்ந்துகொள்கிறது. நான் மாட்டினாலும் அம்மா மாட்டினாலும் இழுத்து அளவு வைக்கும் வேலை இல்லை. ஆனால் மெத்தை செயற்கைத் தோல், காதுத் துளையும் சின்னது. என் காது ஊரறிந்த பெரிய காது. மேல் விளிம்பு மெத்தைக்கு அடியில் மாட்டிக்கொண்டது, உட்புறம் டிரைவரை மூடிய துணியைத் தொட்டது. ஒரு மணி நேரத்தில் வியர்வை. இந்தத் தோல் மெத்தைகளுக்கு நம் ஊர் வெயிலில் ஆயுளும் கம்மி. இரண்டு மூன்று கோடையில் உரிந்து, கரித்தூள் மாதிரி கன்னத்தில் ஒட்டும். கண்ணாடியில் பார்க்கும்வரை நமக்குத் தெரியாது, எதிரில் பேசுபவருக்குத் தெரியும். இதில் சாம்சன்தான் புத்திசாலி. பெட்டியிலேயே வெல்வெட் மெத்தை கொடுத்துவிடுகிறார்கள். சூப்பர்லக்ஸ் இரண்டிலும் தோல்தான். எச்டி668பியின் தலைப்பட்டை இரண்டு சிறகுகளாகப் பிரிந்து உச்சந்தலையை இரண்டு இடத்தில் தாங்குகிறது. முடி அடர்ந்தவருக்குப் பரவாயில்லை. எனக்கு அந்த வசதி குறைந்துகொண்டே வருவதால், நாற்பதாவது நிமிடத்தில் இரண்டு புள்ளிகள் வலித்தன. கண்ணாடி அணிபவருக்கும் வெல்வெட்தான் நல்லது. தோல் மெத்தை கண்ணாடிக் காம்பை மண்டையோடு வைத்து அழுத்தும்.

ஒயர். ஹெட்போன் சாவது பெரும்பாலும் ஒயரில்தான். நாற்காலிச் சக்கரம் ஏறும், நாய் கடிக்கும், எழுந்து ஓடும்போது கதவுக் கைப்பிடியில் மாட்டும். சாம்சனிலும் எச்டி681-இலும் ஒயர் கிண்ணத்தோடு ஒட்டியது. அறுந்தால் சால்டரிங் தெரிந்த ஆளைத் தேட வேண்டும், அல்லது தூக்கிப்போட வேண்டும். எச்டி681-இன் ஈவோ என்ற வடிவில் ஒயரைக் கழற்றலாம். கே240-இல் மூன்று முள் கொண்ட சின்ன எக்ஸ்எல்ஆர் முனை. மாட்டினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும், பொத்தானை அழுத்தினால்தான் வரும். உறுதியானது, ஆனால் மாற்று ஒயரை எல்லாக் கடையிலும் கேட்க முடியாது. அழகான யோசனை எச்டி668பியில்: இடது கிண்ணத்தின் அடியில் ஒரு குழி, அதற்குள் சாதாரண 3.5 மில்லிமீட்டர் முள் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஆடியோ நீட்டிப்பு ஒயர் எதுவானாலும் பொருந்தும். எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும், நாளைக்கே கிடைக்கும். ஏகேஜிக்காரர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கலாம். கே240-இன் ஒயர் மூன்று மீட்டர். மேசைக்கும் டிவிக்கும் சௌகரியம். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால் பின்னால் வால் மாதிரி வரும். நான் பாதியைச் சுருட்டி, அம்மாவின் பழைய ரிப்பனால் கட்டி வைத்திருக்கிறேன்.

கடைசியில் என் மேசையில் தங்கியது கே240. காரணம் குரல். நாளுக்கு ஆறு மணி நேரம் மனிதப் பேச்சு கேட்பவன், அதன் மேல் பழைய கச்சேரி கேட்பவன், ஈக்வலைசரைத் தொடச் சோம்பல் உள்ளவன்: இந்த மூன்றும் சேர்ந்தால்தான் இந்தத் தேர்வு சரி. என் தங்கை மகன் கல்லூரியில் படிக்கிறான், கணினி அவனுக்குக் கைவந்தது, புதுப் பாட்டுதான் கேட்பான். அவனுக்கு எச்டி681 வாங்கச் சொன்னேன், முதல் நாளே அந்த 8 கிலோஹெர்ட்ஸ் வெட்டைப் போட்டுக்கொள் என்ற நிபந்தனையோடு. மென்பொருள் எதையும் தொடாமல் டிவியில் சினிமா பார்க்க, வியர்க்காமல் இருக்க வேண்டும் என்றால் சாம்சன். கனத்த பேஸ் படத்துக்குப் பொருந்தும், கண்ணாடிக்காரருக்கும் ஒத்துவரும். எச்டி668பியை யாருக்கும் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. நான்கில் அதிக ஒழுங்குள்ளது அதுதான், மோசமாகக் குத்துவதும் அதுதான். ஒலிப்பதிவு அறை நண்பர் கலவை வேலைக்கு அதைத்தான் மாட்டிக்கொள்கிறார். தவறு இருந்தால் கத்திக் காட்டிக்கொடுத்துவிடும் என்கிறார். சாயங்காலம் கால் நீட்டிப் பாட்டு கேட்பவனுக்குத் தவறைக் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது?

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மாதிரிகள் பலவும் இணையத்தில் தனி இறக்குமதியாளர்கள் பெயரில் விற்கின்றன. இந்திய உத்தரவாதம் உண்டா, ஒரு பக்கம் ஊமையானால் யார் மாற்றித் தருவார் என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. பெட்டி வந்த அன்றே, இடது வலது இரண்டிலும் ஒரே அளவு சத்தம் வருகிறதா என்று மோனோ பதிவு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். குரல் மூக்குக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடலாம்.

கே240-க்கு வெல்வெட் மெத்தை தனியாகக் கிடைக்கிறது. அதன் அண்ணன் கே240 எம்கே2-வோடு வரும் மெத்தைகள் இதற்கும் பொருந்தும். வாங்கலாம் என்று விலை பார்த்துக்கொண்டிருந்தேன். என் காதோரம் வேர்க்குரு கண்ட அன்று அம்மா ஹெட்போனைக் கேட்டு வாங்கிப் போனார். அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியில் வட்டமாக வெட்டி, ஓரத்தில் எலாஸ்டிக் கோத்து, இரண்டு ஜோடி உறை தைத்துக் கொடுத்தார். துணி மெல்லியது, பேச்சில் எந்த மாற்றமும் தெரியவில்லை, தொப்பியில் மட்டும் ஒரு பிடி குறைந்திருக்கலாம். வியர்வையை அது குடித்துவிடுகிறது. ஒரு ஜோடி காதில் இருக்கும்போது மற்றது கொடியில், வடாம் துணிக்குப் பக்கத்தில் காய்கிறது.